பந்தியில் உண்டவர்களும் கஞ்சி குடித்தவர்களும்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்தில், அறக்கட்டளை ஒன்று நடத்தும் முதியோர் இல்லத்தில் மேலாளராக இருக்கிறேன். எங்களிடம் 46 பேர் தங்கியிருக்கிறார்கள். நடமாடக்கூடிய 33 பேர் கூடத்தில் பந்தியில் உண்பார்கள். படுக்கையிலேயே இருக்கும் 13 பேருக்குத் தனி அறையில் கஞ்சி ஊட்டுகிறோம். புரட்டாசிச் சனிக்கிழமையன்று அன்பர் ஒருவர் தம் தந்தையாரின் நினைவாக அரிசிம்பருப்புச் சாதமும் தயிர்ப் பச்சடியும் கொண்டுவந்து மதியம் 12.30 மணிக்குப் பரிமாறினார். அன்றிரவு 10 மணியிலிருந்து விடியற்காலை 4 மணிக்குள் கூடத்தைச் சேர்ந்த 14 பேருக்கு வயிற்றுக் கடுப்பும் பேதியும் கண்டன. இருவர் மட்டும் வாந்தி எடுத்தார்கள். காய்ச்சல் யாருக்கும் இல்லை. திங்கள் காலைக்குள் எல்லாருக்கும் நின்றுவிட்டது. தலைவர் சொன்னபடி ஞாயிறன்றே 46 பேருக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கொடுக்கத் தொடங்கி ஐந்து நாட்கள் கொடுத்தோம். திங்களன்று தண்ணீர்த் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போட்டோம். புதனன்று எடுத்த தண்ணீர் மாதிரி நன்றாக இருப்பதாக முடிவு வந்தது. ஆனால் அதே புதன் முதல் படுக்கை அறையில் ஒருவர் பின் ஒருவராக 7 பேருக்கும், கூடத்தில் ஒருவருக்கும், இரவுப் பணி ஆயா ஒருவருக்கும் சளி கலந்த பேதி கண்டது. இருவருக்கு இரத்தமும் கலந்திருந்தது, மூவருக்குக் காய்ச்சல். 81 வயதுப் பாட்டி ஒருவர் நேற்று இறந்துவிட்டார். தலைவர் சமையல்கார அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, வெளியே தெரிந்தால் இல்லத்தின் பெயர் கெட்டுவிடும் என்கிறார். இது எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்க முடியாத இரண்டு செய்திகளைத் தொலைபேசியிலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன். மற்ற இல்லங்களை நடத்துபவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். முதலாவது, ஒரே இடத்தில் இத்தனை பேருக்கு ஒரே வாரத்தில் பேதி கண்டால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதன் சுகாதார ஆய்வாளருக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். 2004 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென ஒரு பிரிவு இயங்குகிறது. அங்கிருந்து வருபவர்கள் வழக்குப் பதிய வருவதில்லை, மாதிரி எடுக்கவும் பட்டியல் எழுதவும் வருகிறார்கள் என்பதைத் தலைவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இரண்டாவது, இன்னும் பேதி நிற்காத இருவரின் மலத்தையும், புதிதாக ஒரு மாத்திரையும் கொடுப்பதற்கு முன்னால், ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கான மலம் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்; முடியாவிட்டால் மாதிரி கெடாமல் காக்கும் கேரி-பிளேர் என்ற ஊடகக் குப்பியை ஆய்வகத்திடமே முன்னதாகக் கேட்டு வாங்கி, அதில் எடுத்து, குளிர்ச்சியாக வைத்து அனுப்பலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிருமி எங்கிருந்து வந்தது என்று ஒருமையில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தபின் எனக்குத் தோன்றுவது, உங்கள் இல்லத்தில் நடந்தது ஒன்றல்ல, இரண்டு. முதல் சனிக்கிழமை இரவு தொடங்கித் திங்களோடு முடிந்தது ஒன்று. புதனன்று தொடங்கி இன்றுவரை முடியாமல் இருப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்ப்பதால்தான் தண்ணீரையும் சமையல்கார அம்மாவையும் மாறிமாறிச் சந்தேகிக்க நேர்ந்திருக்கிறது.

முதல் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். உணவு உண்டது பகல் 12.30 மணி, பேதி தொடங்கியது இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை. அதாவது ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதினைந்தரை மணி நேரம். இந்த இடைவெளியை நோயரும்பு காலம் என்கிறோம். கிருமியின் பெயரை ஆய்வகம் சொல்வதற்கு முன்பே பாதி விடையை இந்தக் காலம் சொல்லிவிடும். சமைப்பவர் கையிலுள்ள புண்ணிலிருந்து இறங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சாக இருந்தால், ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள், மாலைக்கு முன்பே, வாந்திதான் முன்னால் நின்றிருக்கும். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவாக இருந்தால் பலருக்கு அரை நாளிலிருந்து ஒன்றரை நாள் கழிந்திருக்கும், காய்ச்சலும் சேர்ந்திருக்கும், ஒரே நாளில் எல்லாருக்கும் நின்றிருக்காது. காய்ச்சல் இல்லாமல், வாந்தி பெரும்பாலும் இல்லாமல், கடுப்பும் பேதியுமாக வந்து ஒரு நாளில் போய்விடும் நோய் என்றால், க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் பேதி வகை ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் நான் முதலில் நினைப்பேன்.

இவ்விரண்டும் விதைகளைப் போன்ற வித்துக்களாக மாறி, கொதிக்கும் உலையிலும் சாகாமல் இருக்கும் தன்மை உடையவை. அரிசிம்பருப்பு நம் ஊரில் அவசரத்துக்கும் விருந்துக்கும் ஆகும் சோறு. வீட்டில் நான்கு பேருக்கு வைத்துச் சுடச்சுட நெய் விட்டு உண்ணும்போது ஒரு குறையும் நேர்வதில்லை. அதையே காலை ஆறு மணிக்குப் பெரிய போசியில் ஆக்கி, மூடி, வாழை இலை போட்டு அழுத்தி, வேனில் ஏற்றி, பன்னிரண்டரை மணிக்குத் திறந்தால், அதன் நடுப்பகுதி ஆறு மணி நேரம் இளஞ்சூட்டில் கிடந்திருக்கிறது என்று பொருள். சாகாத வித்துக்கள் அந்தச் சூட்டில் முளைக்கின்றன. பெர்ஃபிரின்ஜென்ஸ் தனக்கு ஏற்ற வெப்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. சோறு எத்தனை மணிக்கு இறக்கப்பட்டது என்று அந்த அன்பரிடம் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் உண்மையான நேரம் கிடைக்காது. இந்தச் சோறு உங்கள் சமையலறையில் வெந்ததே அல்ல என்பதையும் கவனியுங்கள். அதற்காக உங்கள் சமையல்கார அம்மாவை வீட்டுக்கு அனுப்பியது எனக்கு விளங்கவில்லை. அவரைத் திரும்ப அழையுங்கள். அன்று என்ன மிஞ்சியது, யாருக்கு இரண்டாம் முறை பரிமாறப்பட்டது, மிஞ்சியதை இரவில் யார் உண்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இது ஊகமாக நின்றுவிடாமல் இருக்க ஒரு கணக்கு உண்டு. கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்றை எடுத்து, நோய் கண்டவர்களை மட்டும் எழுதாமல், 46 பேரையும் பணியாளர்களையும் வரிசையாக எழுதுங்கள். பெயர், வயது, கட்டில் எண், சாதம் உண்டாரா, பச்சடி உண்டாரா, பேதி தொடங்கிய நாளும் மணியும், எத்தனை முறை, இரத்தம், காய்ச்சல், வேறு என்ன மாத்திரை உண்கிறார் என்று கட்டம் போடுங்கள். எதைப் பேதி என்று எழுதுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: 24 மணி நேரத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல், அவருடைய வழக்கத்தைவிட இளகிப் போனால் பேதி. உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை மட்டும் வைத்தே பாருங்கள்: பந்தியில் அமர்ந்த 33 பேரில் 14 பேர் விழுந்திருக்கிறார்கள், நூற்றுக்கு 42, கஞ்சி குடித்த 13 பேரில் ஒருவரும் விழவில்லை. இருசாராரும் குடித்தது ஒரே தொட்டித் தண்ணீர்தான் என்றால், தண்ணீர் மேல் இருந்த சந்தேகம் இந்த ஒரு கணக்கிலேயே பெரும்பாலும் விலகிவிடுகிறது. உங்கள் தண்ணீர்ச் சோதனை இதற்கு உதவவில்லை, ஏனென்றால் திங்களன்று பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டியிலிருந்து புதனன்று எடுத்த மாதிரி சனிக்கிழமைத் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது.

பந்தியில் அமர்ந்தும் சாதம் உண்ணாதவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். சர்க்கரைக்காக ராகிக் களி உண்பவர்கள், பச்சடி மட்டும் தொட்டுக்கொண்டவர்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையில் மிக முக்கியமான பகுதி. நோய் கண்டவரை எல்லாரும் கேட்பார்கள். காணாதவரை யாரும் கேட்பதில்லை. 1854-இல் லண்டனின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அங்கிருந்த ஆதரவற்றோர் இல்லம் ஒன்றைக் கவனித்தார். சுற்றிலும் வீட்டுக்கு வீடு சாவு. இல்லத்தில் இருந்த 535 பேரில் இறந்தவர்கள் ஐவர் மட்டுமே. அந்த இல்லத்துக்குச் சொந்தக் கிணறு இருந்தது. தெருவிலிருந்த அடிகுழாய்தான் காரணம் என்ற அவருடைய முடிவுக்குத் துணை நின்றவர்களில் நோய் காணாத அந்த இல்லத்தாரும் உண்டு.

பட்டியல் எழுதும்போது ஒரு சங்கடம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பெரியவர்கள், அதிலும் பிள்ளைகளை விட்டு வந்து இல்லத்தில் இருப்பவர்கள், உடம்புக்கு என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங் கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன்" என்பார்கள். தம்மால் ஒரு தொந்தரவும் வேண்டாம் என்ற எண்ணம் அது. நேராக நோயைக் கேட்காமல், ராத்திரி எத்தனை தரம் எழுந்தீர்கள், சேலை மாற்றினீர்களா, காலை டீ குடித்தீர்களா என்று கேளுங்கள். மறதிநோய் உள்ளவர்களுக்குப் பக்கத்துக் கட்டில்காரரையும் துணி துவைப்பவரையும் கேளுங்கள். காய்ச்சலையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதியவர்களுக்குத் தொற்று கடுமையாக இருந்தாலும் உடல் சுடாமல் இருக்கலாம். வாயில் வைத்த வெப்பமானியில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டே அவர்களுக்குக் காய்ச்சல்தான். அவருடைய வழக்கமான அளவிலிருந்து 2 டிகிரி ஏறினாலும் காய்ச்சல்தான். நேற்றுவரை ஆளை அடையாளம் கண்டவர் இன்று குழம்பிப் பேசுவது, சாப்பாட்டைத் தள்ளுவது, காரணமில்லாமல் விழுவது ஆகியவையும் பட்டியலில் ஏற வேண்டிய குறிகள்.

இரண்டாவது நிகழ்ச்சிதான் எனக்குக் கவலை தருகிறது. பந்திச் சோற்றை வாயில் வைக்காத 13 பேரில் 7 பேர், அதாவது பாதிக்கு மேல். பந்தியில் உண்ட 33 பேரில் ஒரே ஒருவர். ஒரே இரவில் எல்லாரும் விழாமல், நாளுக்கு ஒருவர் இருவர் என்று நீண்டுகொண்டு போகிறது. ஒரே உணவிலிருந்து வரும் நோய் வெடி போல எழுந்து அடங்கும். கையிலிருந்து கைக்குப் போகும் நோய் இப்படித்தான் ஊர்ந்து போகும். 1985 செப்டம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், லண்டன் என்றே பெயர் கொண்ட நகரத்தின் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இந்த இரண்டு வடிவமும் அடுத்தடுத்துத் தெரிந்தன. ஈ. கோலை ஓ157 என்ற கிருமி அங்கே முதலில் சாண்ட்விச் உணவின் வழியே ஓர் அலையாக வந்தது. பிறகு அதே கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவி இரண்டாவது அலையாக எழுந்தது. 169 பேரில் 55 பேருக்கு நோய் கண்டு, அவர்களில் 19 பேர் இறந்தார்கள். அந்த ஆய்வில் தெரியவந்த மற்றொன்றை உங்கள் தலைவர் படிக்க வேண்டும்: அந்தச் சமயத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை உண்டுகொண்டிருந்தவர்களுக்கே இரண்டாவது அலையில் நோய் தொற்றும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

உங்கள் இல்லத்தில் முதல் அலை தானாக அடங்கிக்கொண்டிருந்த ஞாயிறன்று, நோயே இல்லாத 32 பேருக்கும் சேர்த்து சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்திருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில் செய்தது என்பதில் ஐயமில்லை, ஆனால் செய்திருக்கக் கூடாது. குடலில் காவல் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அந்த மாத்திரை அழித்துவிடும். அந்த வெற்றிடத்தில் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். மாத்திரை தொடங்கிய சில நாட்களில், படுக்கையில் இருக்கும் முதியவர்களிடம் அடுத்தடுத்துப் பேதி என்றால் இதைச் சோதிக்காமல் விடக் கூடாது. மறுபுறம், இரத்தமும் சளியும் காய்ச்சலும் ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமியையும் நினைவூட்டுகின்றன. அதன் நோயரும்பு காலம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள். நூறுக்கும் குறைவான கிருமிகள் வாய்க்குள் போனாலே போதும் என்பதால் கைவழி பரவுவதில் அதற்கு நிகர் அரிது. ஆயாவுக்கும் நோய் கண்டிருப்பதால் என் மனம் சற்று ஷிகெல்லாவின் பக்கம் சாய்கிறது. ஆகவே ஆய்வகச் சீட்டில் மலக் கல்ச்சர் என்று மட்டும் எழுதினால் போதாது. டிஃபிசில் நஞ்சுச் சோதனை என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும், ஏனென்றால் வழக்கமான கல்ச்சரில் அந்தக் கிருமி தென்படாது. இளகி ஓடும் மலத்தை மட்டுமே அந்தச் சோதனைக்கு அனுப்புங்கள்.

எந்தக் கிருமியாக இருந்தாலும் அது கட்டிலிலிருந்து கட்டிலுக்கு எப்படி நடந்தது என்பதை ஆய்வகம் சொல்லாது. அதற்கு வேறு வழி வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் இல்லத்தில், சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்து, நால்வரிடமும் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, ஒரே மருந்துகளுக்கு அடங்காத ஒரே சாயலில் வளர்ந்தது. தண்ணீரையும் குழாய்களையும் சோதித்து ஒன்றும் கிடைக்காமல், ஒரு மாலையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு அறையின் மூலையில் பேசாமல் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு ஆயா வந்தார். கையில் விளிம்பு உடைந்த நீல நிற மக்கு ஒன்று. முதல் கட்டிலின் சிறுநீர்ப் பையைத் திறந்தார். பையின் வாய் மக்கின் விளிம்பில் உரசியது. மக்கைக் கழிவறையில் கவிழ்த்துவிட்டு அதே மக்கோடு இரண்டாம் கட்டிலுக்குப் போனார். கையுறை போட்டிருந்தார், ஐந்து பேருக்கும் ஒரே கையுறை. நான் தேடியது அந்த மக்குதான். மறுநாள் ஐந்து மக்குகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் கட்டில் எண்ணை எழுதினோம். பையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுவது என்று ஏற்பாடு ஆயிற்று. அந்த ஆயாவை யாரும் கடிந்துகொள்ளவில்லை, ஏனென்றால் அவருக்கு அந்த ஒரு மக்கைக் கொடுத்தது இல்லம்தான்.

நீங்களும் படுக்கை அறையில் ஒரு மணி நேரம் அப்படி உட்காருங்கள். முதலில் 13 கட்டில்களையும் ஒரு சார்ட்டு அட்டையில் வரைந்து, நோய் கண்ட நாளைக் கட்டிலின் மேல் எழுதுங்கள். அந்தத் தேதிகள் எந்த வரிசையில் நகர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். பிறகு டயபர் மாற்றும் வரிசையும் கஞ்சி ஊட்டும் வரிசையும் அதனோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சனி இரவு கூடத்தில் 14 பேரைச் சுத்தம் செய்த அதே ஆயாக்கள், அந்த இரவிலேயே படுக்கை அறைக்கும் போனார்களா என்பது எனக்குத் தெரிய வேண்டும். 46 பேருக்கு இரவில் இரண்டே ஆயாக்கள் என்றால், கை கழுவவில்லை என்று அவர்களைக் கேட்பதற்கு முன், கழுவ நேரமும் அறைக்குள் குழாயும் சோப்பும் கொடுத்தோமா என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் இன்றே செய்ய வேண்டியவையும் உண்டு. பேதி உள்ளவர்களை ஒரு பக்கமாகச் சேர்த்து, அவர்களுக்கென்று ஓர் ஆயாவைத் தனியாக அமர்த்துங்கள். ஆள் இல்லையென்றால் நலமாக இருப்பவர்களை முதலில் கவனித்துவிட்டுக் கடைசியில் இவர்களிடம் வரட்டும். நோய் கண்ட ஆயா, பேதி நின்று இரண்டு நாள் கழியும்வரை, சம்பளம் பிடிக்காமல் வீட்டில் இருக்கட்டும். சம்பளம் பிடித்தால் அடுத்தமுறை நோயை மறைத்துக்கொண்டு வருவார். சோதனையில் ஷிகெல்லா வந்தால், அவர் வேலைக்குத் திரும்பும் நாளை மருத்துவர் முடிவு செய்யட்டும். கட்டிலுக்குக் கட்டில் மாட்டியிருக்கும் சானிடைசரை இப்போதைக்கு நம்ப வேண்டாம்; டிஃபிசிலின் வித்துக்களை ஆல்கஹால் கொல்லாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். பினாயில் மணத்தால் இடம் சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது, அந்த வித்துக்களுக்கு அதுவும் ஒரு பொருட்டல்ல. 33 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். அழுக்கை முதலில் துடைத்தெடுத்துவிட்டு, அன்றன்று கரைத்த அந்தக் கரைசலால் கழிவறையையும் மலச்சட்டியையும் கட்டில் கம்பியையும் துடையுங்கள். கழிவறை ஆசிட்டோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். முதியவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது, தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் அவர்களிடம் பொய் சொல்லும். நாக்கு வறட்சி, சிறுநீர் குறைவது, மயங்கிய பேச்சு ஆகியவற்றைப் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஆகியவற்றைப் பேதி நிற்கும்வரை தொடரலாமா என்று மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் பேதியை நிறுத்தும் லோபரமைடு வேண்டாம். இரத்தப் பேதி உள்ளவருக்கு மாத்திரை தேவைப்படலாம். அது மருத்துவர் அந்த ஒருவருக்கென்று எழுதிக் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

இறந்துபோன பாட்டிக்கு ஓ.ஆர்.எஸ். அரை நாள் முன்னால் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். 81 வயதில், மாத்திரை தொடங்கிய பின் வந்த பேதியில், அதை அப்படி ஒரு அரை நாளில் அளந்து சொல்ல என்னால் முடியாது. அளந்து நீங்கள் உங்களையே தண்டித்துக்கொள்வதும் சரியாகாது. ஆனால் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வயோதிகம் என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால், அவருக்கு என்ன நேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அன்னதானத்தை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அன்பர்களின் கொடையால் நடக்கும் இல்லத்துக்கு அது நடக்காத காரியம். உங்கள் சமையலறையிலேயே உங்கள் சமையல்கார அம்மாவின் கையால் சமைத்துத் தரும்படி அரிசியையும் பருப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். சமைத்துத்தான் கொண்டுவருவோம் என்பவர்களிடம், இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஆவி பறக்க வந்து சேர வேண்டும் என்று சொல்லுங்கள். வந்த உணவில் ஒரு கை அளவு எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் தேதி எழுதி மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். அப்படி ஒரு டப்பா இருந்திருந்தால் மேலே நான் எழுதிய முதல் பகுதியில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது.

புதிய நோயாளி யாரும் வராத நாளிலிருந்து, கண்டுபிடிக்கப்பட்ட கிருமியின் நோயரும்பு காலத்தைப்போல் இரண்டு மடங்கு நாட்கள் கழிந்த பிறகே முடிந்தது என்று கொள்ளுங்கள். டிஃபிசிலாக இருந்தால் குணமானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சில வாரங்களில் திரும்பவும் வரலாம் என்பதால், நோட்டை இரண்டு மாதமாவது மூடி வைக்க வேண்டாம்.

ஆய்வக முடிவு வந்ததும் பட்டியலையும் கட்டில் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அதோடு ஒன்று: படுக்கை அறைக்கான கஞ்சியை எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள், 13 பேருக்கும் எத்தனை கரண்டிகளால் ஊட்டினீர்கள் என்று சமையல்கார அம்மாவிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.